முன்கூட்டிச் சொன்ன சாட்சி

லஸ் மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் நோரா டீச்சர் வீடு எது என்று கேட்டுப் பாருங்கள். இஸ்திரி வண்டிக்காரர் தலையை நிமிர்த்தாமலே, "பூட்டை இழுத்து இழுத்துப் பாப்பாங்களே, அவங்கதானே?" என்று கேட்டுவிட்டு வழி சொல்வார்.

உண்மைதான். வீட்டைப் பூட்டிக்கொண்டு சந்து முனைவரை போனவள், எதையோ மறந்தவள்போல் நிற்பாள். திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். அது பூட்டித்தான் இருக்கும். அப்புறம் உள்ளே கேஸை மூடினோமா என்று சந்தேகம் வரும். திறந்து, பார்த்து, மறுபடி பூட்டி, கோயிலுக்குப் போய்ச் சேரும்போது பூசையில் முதல் வாசகம் முடிந்திருக்கும்.

ஆனால் அதே கோயிலில், நம்பிக்கைக்கு யாரைக் கேட்கலாம் என்றால் எல்லாரும் கைகாட்டுவதும் அவளைத்தான். யாருக்காவது ஆபரேஷன், யார் மகனுக்காவது வேலை போய்விட்டது என்றால் நோரா டீச்சருக்குத்தான் முதல் போன் வரும். அவள் போவாள். கட்டிலருகே உட்கார்ந்து நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாதீங்க. ஆண்டவர் சொன்னா செய்வார்" என்பாள். அந்தக் குரலில் ஒரு பிசிறு இருக்காது. கேட்டவர்களுக்குத் தைரியம் வந்துவிடும். சொன்னவள் மட்டும் வீட்டுக்கு வந்து, அந்த நோயாளி பிழைப்பாரா என்று விடியும்வரை விழித்துக் கிடப்பாள். அது தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர்: அப்பா ஞானதாஸ், தங்கை ஜொவிட்டா.

அம்மா சோஃபியா சாகும்போது நோரா ஆசிரியர் பயிற்சியில் இருந்தாள். ஜொவிட்டாவுக்கு அப்போதுதான் பால்பற்கள் விழ ஆரம்பித்திருந்தன. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அம்மா அந்தச் சின்னக் கையை எடுத்துப் பெரியவளின் கைக்குள் வைத்தாள். பேச மூச்சு இல்லை. "நான் பாத்துக்கிறேம்மா" என்றாள் நோரா. அந்த ஒரு வார்த்தைதான் அதற்குப் பிறகு அவளுடைய வாழ்க்கை. கான்வென்ட் பள்ளியில் இரண்டாம் வகுப்பு டீச்சர் ஆனாள். வரன்கள் வந்தன. ஜொவி பத்தாவது முடிக்கட்டும் என்றாள். காலேஜ் முடிக்கட்டும் என்றாள். ஒருநாள் வரன்கள் வருவது நின்றுபோனது. அதை அவள் கவனிக்கவே இல்லை, அல்லது கவனிக்காததுபோல் இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் முதல்முதலாக நற்கருணை வாங்கப்போகும் புதுநன்மைப் பிள்ளைகளுக்கு வேதபாடமான ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தாள். அதில் அவளுக்கு ரொம்பப் பிடித்த பாடம் ஒன்று உண்டு. ஒரு கண் மட்டும் மூடாத பழைய பிளாஸ்டிக் பொம்மையையும் ஒரு சொம்புத் தண்ணீரையும் மேஜைமேல் வைத்துக்கொண்டு, அவசர ஞானஸ்நானம் எப்படிக் கொடுப்பது என்று காட்டுவாள். உயிருக்கு ஆபத்து, சாமியார் வர நேரமில்லை என்றால் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். தாய் கொடுக்கலாம், நர்ஸ் கொடுக்கலாம், வேறு மதத்துக்காரர்கூடக் கொடுக்கலாம், கொடுக்கவேண்டும் என்ற மனசும், பெயரைச் சொல்லித் தண்ணீர் ஊற்றும்போது சொல்லவேண்டிய ஒரே ஒரு வரியும் போதும். "ஆனா தண்ணி ஓடணும். ஈரத்துணியால துடைச்சா செல்லாது" என்று விரலை ஆட்டிச் சொல்வாள்.

அந்தப் பாடம் கேட்ட அன்றைக்கே, மதியம் சாப்பிட்டுவிட்டுச் சாய்வுநாற்காலியில் வாயைப் பிளந்து தூங்கிய அப்பாவின் நெற்றியில் ஒரு சொம்புத் தண்ணீரையும் கவிழ்த்து, அவருக்கு ரோஸ்மேரி என்று பெயரும் வைத்துவிட்டாள் சிறுமி ஜொவிட்டா. தபால் இலாகாவில் இருந்து ஓய்வுபெற்று எத்தனையோ வருஷமாகிவிட்ட ஞானதாஸ், புதிதாக யாரைப் பார்த்தாலும் இன்றைக்கும் அதைச் சொல்லாமல் விடமாட்டார். "எனக்கு ரெண்டு பேர் சார். கோயில்ல ஞானதாஸ், வீட்ல ரோஸ்மேரி."

அப்படிச் சிரித்துக்கொண்டிருந்த வீட்டுக்கு என்ன வந்தது பாருங்கள்.

ஜொவிட்டாவுக்கு ஃபிரெட்ரிக்கோடு கல்யாணம் ஆனது. கிண்டி தொழிற்பேட்டையில் வேலை, மேற்கு மாம்பலத்தில் வாடகை வீடு, அதிகம் பேசாத நல்ல பையன். முதல் கர்ப்பம் தங்கவில்லை. இரண்டாவது ஐந்தாம் மாதம்வரை வந்தது. சொந்தம், அக்கம்பக்கம் எல்லாரும் வாழ்த்துச் சொல்லி முடித்திருந்தார்கள். அதே ஆட்கள் அதே வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஆறுதல் சொல்ல வந்தார்கள். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் ஒரு தட்டில் துணி மூடி எதையோ எடுத்துக்கொண்டு போனார்கள். ஜொவிட்டா அழவில்லை. கதவு மூடும்வரை பார்த்துவிட்டு அக்காவிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அதுக்கு என்ன பேருக்கா?"

எத்தனையோ பேருடைய கட்டிலருகே வாய் ஓயாமல் தைரியம் சொன்ன நோரா, தங்கையின் போர்வையைத் திரும்பத் திரும்ப இழுத்துவிட்டாள்.

இந்த வருஷம் புத்தாண்டுப் பூசையில், வழக்கம்போல் தட்டில் வைத்திருந்த, வருஷத்துக்கான வேதவசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டைகளில் ஒன்றை நோரா கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள். பிள்ளையில்லாத பெண்ணைப் பிள்ளைகளோடு மகிழும் தாயாக வீட்டில் இருத்துகிறார் என்று அதில் இருந்தது. தனக்குக் கல்யாணமே இல்லை, அப்படியானால் இது யாருக்கு? ஜொவிக்குத்தான். வீட்டுக்கு வந்து பீரோக் கண்ணாடியில் செருகிவைத்தாள். தலை வாரும்போதெல்லாம் பார்த்தாள்.

ஜூன் மாதம் ஜொவிட்டா வந்து, சமையலறையில் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். மறுபடி உண்டாகியிருக்கிறது. டாடிக்கும் உனக்கும் அவருக்கும் தவிர யாருக்கும் தெரியக்கூடாது. ஏழாவது மாதம் முடிகிறவரை ஒரு வார்த்தை வெளியே போகக்கூடாது. "இன்னொரு தடவை அந்த மூஞ்சிங்களை எல்லாம் என்னால பாக்க முடியாதுக்கா. சத்தியம் பண்ணு." நோரா அவள் தலைமேல் கை வைத்துச் சத்தியம் பண்ணினாள்.

அந்தச் சத்தியம் ஆறு வாரம்கூடத் தாங்கவில்லை.

ஜூலையில் லஸ் கோயில் பங்கில் தியானப் பிரசங்கக் கூட்டம் நடந்தது. வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார், இறைவன் கொடுத்த வாக்கைப் பற்றி உருக்கமாகப் பேசினார். கேட்டதைப் பெற்றுக்கொண்டோம் என்று நம்புங்கள், நம்பினால் நன்றி சொல்லுங்கள், வாயைத் திறந்து இப்போதே சாட்சி சொல்லுங்கள் என்றார். ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஒருத்தி விசா கிடைத்துவிட்டது என்றாள். அதற்கு இன்னும் விண்ணப்பம்கூடப் போடவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள். நோராவுக்குப் பீரோக் கண்ணாடியில் இருந்த அட்டை கண்முன் வந்தது. இப்போது எழாவிட்டால் நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடுமோ, அதனாலேயே மூன்றாவதும் போய்விடுமோ என்று ஒரு நடுக்கம். எழுந்துவிட்டாள்.

"என் தங்கச்சிக்கு ஆண்டவர் முழு ஆரோக்கியமான குழந்தையைக் கொடுத்துட்டார். நானே கையில வாங்கிட்டேன். அல்லேலூயா."

கூடம் அதிர்ந்தது. உட்கார்ந்தபோது அவளுடைய பாதங்கள் ஜில்லிட்டுப்போயிருந்தன. மந்தைவெளியில் தையல்கடை வைத்துக்கொண்டு ஜெபக்குழுவையும் நடத்தும் தங்கம் ஓடிவந்து கட்டிக்கொண்டாள், எத்தனாவது மாசம் டீச்சர் என்று கேட்டாள். வெளியே சொல்லிவிடாதே என்று நோரா கெஞ்சினாள். நூறு பேர் கேட்ட கூடத்தில் நின்றுகொண்டு கெஞ்சினாள்.

அன்றிலிருந்து அவளுக்கு நிம்மதி போயிற்று. பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற எட்டாம் கட்டளையை வருஷக்கணக்காகப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்வித்தவள் அவள். குழந்தை பிறந்து கையில் வந்தால் தான் சொன்னது சாட்சி. வராவிட்டால்? தங்கையின் தலையில் அடித்த சத்தியத்தை வேறு உடைத்திருக்கிறாள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றாதவளுக்கு, ஆண்டவர் மட்டும் எதற்காகத் தன் வாக்கைக் காப்பாற்றவேண்டும்? பூட்டை இப்போது மூன்று தடவை இழுத்துப் பார்த்தாள்.

நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. ஏழாவது மாதம் தொடங்கியதும் தொடங்காததுமாக ஒருநாள் காலை ஃபிரெட்ரிக்கின் போன் வந்தது. பனிக்குடம் உடைந்துவிட்டது. ரயில்வே சப்வேயில் தண்ணீர் நிற்கிறது, சுற்றிக்கொண்டு அடையாறு ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருக்கிறோம் என்றான். நோரா குடையையும் ஜெபமாலையையும் எடுத்துக்கொண்டு ஓடினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக வீட்டைப் பூட்டவே மறந்துபோனாள். ஞானதாஸ்தான் பின்னாலேயே பூட்டிக்கொண்டு ஆட்டோவில் ஏறினார்.

அறுவை செய்து எடுத்தார்கள். பெண். ஒரு கிலோகூட இல்லை. குறைமாதக் குழந்தைகள் பிரிவில், கண்ணாடிப் பெட்டிக்குள், குழாய்களுக்கும் ஒயர்களுக்கும் நடுவே, உரித்த ஆரஞ்சுச் சுளைபோல் மெல்லிய தோலோடு கிடந்தது. அதன் மார்பு ஏறி இறங்குவது மூச்சா, இல்லை இயந்திரம் தள்ளுகிற காற்றா என்று தெரியவில்லை. பெட்டியில் ஒட்டிய வெள்ளை டேப்பில் 'பேபி ஆஃப் ஜொவிட்டா' என்று எழுதியிருந்தது. அங்கே இருந்த எந்தக் குழந்தைக்கும் சொந்தப் பெயர் இல்லை.

ஜொவிட்டாவுக்கு ரத்த அழுத்தம் இறங்கவில்லை. கட்டிலை விட்டு அவளை இறக்கக்கூடாது என்றுவிட்டார்கள். அவளுடைய குழந்தையை அவளே இன்னும் பார்க்கவில்லை. ஃபிரெட்ரிக் போனில் எடுத்துக்காட்டிய படம்தான்.

வெளியே நீலநிற நாற்காலிகளில் காத்திருப்பவர்களுக்கு ஒரு வழக்கம் பழகிவிடும். கதவு திறந்து நர்ஸ் தலையை நீட்டி, 'பேபி ஆஃப்' என்று ஆரம்பித்தாலே எல்லாரும் நாற்காலி விளிம்புக்கு வந்துவிடுவார்கள். அடுத்த பெயர் தன்னுடையதாக இல்லாவிட்டால் மூச்சு வரும். அப்படி மூச்சு வந்ததற்காக வெட்கமாகவும் இருக்கும். நோரா அங்கேயே கிடந்தாள். ஞானதாஸ் பிளாஸ்கில் காப்பி கொண்டுவந்து, குடிக்க வைத்து, திரும்பக் கொண்டுபோவார். ரோஸ்மேரி கதையை அந்த நாட்களில் அவர் யாரிடமும் சொல்லவில்லை.

தங்கம் மட்டும் போன் பண்ணிக்கொண்டே இருந்தாள். நல்ல மனசுக்காரி. அவள் சொன்னதுதான் ஊசியாக இறங்கியது.

"டீச்சர், வாயால தப்பா ஒண்ணும் சொல்லிடாதீங்க. நீங்க வாங்கிட்டேன்னு சாட்சி சொன்னவங்க. சந்தேகம் வந்தா வாங்கினது கைநழுவிடும். பயம்னு ஒண்ணு மனசுல வரவே கூடாது."

பயம் வரக்கூடாதாம். பயத்தைத் தவிர வேறொன்றும் இல்லாத மனசில். ஒவ்வொரு தடவை நெஞ்சு திக்கென்றபோதும், தன் கையாலேயே உள்ளே ஒரு குழாயைப் பிடுங்கிவிட்டதுபோல் நோரா பதறினாள். ஜெபமாலை மணியை நகர்த்தினாள். நம்புறேன், நம்புறேன் என்று உதடு சொல்லியது. போயிடுமோ, போயிடுமோ என்று உள்ளே ஒன்று சொல்லியது. இரண்டில் எது ஆண்டவருக்குக் கேட்கும் என்ற கவலை அதற்குமேல்.

மூன்றாம் நாள் மதியம் டாக்டர் நோராவையும் ஃபிரெட்ரிக்கையும் உள்ளே அழைத்தார். நுரையீரல் ஒத்துழைக்கவில்லை, கிருமித் தொற்றும் தெரிகிறது, செய்யக்கூடியதெல்லாம் செய்கிறோம், இன்றைய ராத்திரியைத் தாண்டினால் பார்ப்போம் என்று நிதானமாகச் சொன்னார். அந்த நிதானம்தான் நோராவைக் கொன்றது.

ஃபிரெட்ரிக் ஜொவிட்டாவிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தான். கண் சிவந்திருந்தது.

"அக்கா, பாப்பாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்துடச் சொல்றா. உங்க கையால."

நோரா எழுந்து நின்றுவிட்டாள். "இப்பவா? இப்ப எதுக்கு? பாப்பா வீட்டுக்கு வரட்டும் தம்பி. எங்க ஞானஸ்நானத்துக்கு அம்மா தச்ச வெள்ளைக் கவுன் இருக்கு. லஸ் கோயில்ல, மாதா முன்னாடி..."

"அக்கா, டாக்டர் சொன்னதைக் கேட்டீங்கல்ல."

"டாக்டர் சொல்வாங்க. நாம சொல்லக்கூடாது. இப்பத் தண்ணி ஊத்தினா நம்ம கையாலயே முடிச்சு வைக்கிற மாதிரி. என்னால முடியாது."

எத்தனையோ பிள்ளைகளுக்குப் பொம்மையை வைத்துச் சொல்லிக்கொடுத்தவள், உயிருள்ள ஒரு நெற்றிக்கு முன்னால் பின்வாங்கினாள். ஃபிரெட்ரிக் அவளையே பார்த்தான். எனக்கு அந்த வார்த்தைகள் தெரியும், நானே ஊற்றிவிடுவேன், ஆனால் அவள் உங்கள் கையைத்தான் கேட்கிறாள் என்று மெதுவாகச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான்.

நோரா பங்குச் சாமியாருக்குப் போன் போட்டாள். நான் வருகிறேன், பொறுங்கள் என்று அவர் சொல்லிவிட்டால் போதும். அவர் தாம்பரம் பக்கம் ஒரு சவ அடக்கத்துக்குப் போயிருந்தார். கிளம்பிவிட்டேன், தண்ணீர் தேங்கி வண்டி நகரவில்லை என்றார். "எனக்காகக் காத்திருக்காதீங்க டீச்சர். இந்தப் பங்குல பாதிப் பேருக்கு இதைச் சொல்லிக் கொடுத்ததே நீங்கதானே."

"அதில்ல ஃபாதர். இதைக் கொடுத்தா பொழைக்காதுன்னு நாமளே..."

லைன் அறுந்துவிட்டது. மறுபடி போட்டாள். கிடைக்கவில்லை. தப்பிக்க இருந்த அந்த வழியும் மழையில் அடைபட்டுப்போயிற்று. ஜொவிட்டாவிடமே பேசி மனசை மாற்றிவிடலாம் என்று மாடியேறினாள்.

ஜொவிட்டா கண்ணை மூடிப் படுத்திருந்தாள். உதடு வெடித்திருந்தது. ஊசி ஏறிய கை வீங்கியிருந்தது. நோரா அந்தக் கையின் அருகே உட்கார்ந்து, தன் பழைய குரலைத் தேடிப் பிடித்துப் பேச ஆரம்பித்தாள். பயப்படாதே, ஆண்டவர் சொன்னா செய்வார், நம்பிக்கையா இரு.

"யாருக்குக்கா சொல்ற?" ஜொவிட்டா கண் திறக்கவில்லை. "எனக்கா, உனக்கா?"

நோரா அவ்வளவு நாள் அடக்கி வைத்தது உடைந்துகொண்டு வந்தது. கட்டிலின் இரும்பில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள்.

"நான் சத்தியத்தை மீறிட்டேன் ஜொவி. உன் தலைமேல கை வச்சுப் பண்ணின சத்தியம். ஜூலையிலயே எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். புள்ளையைக் கையில வாங்கிட்டேன்னு சாட்சி சொன்னேன். அதுக்குத்தான் இப்படி ஆகுது. என்னாலதான்."

ஜொவிட்டா கண் திறந்து, "தெரியும்" என்றாள்.

நோரா தலையைத் தூக்கினாள்.

"தங்கம் அக்கா அன்னிக்கே போன் பண்ணி, மாங்கா ஊறுகா போட்டு அனுப்பட்டுமான்னு கேட்டாங்க. வேற எதுக்குக் கேப்பாங்க?" வறண்ட உதட்டில் ஒரு சிரிப்பு வந்து போனது. "செம கோவம் எனக்கு. ஒரு வாரம் உன் போனை எடுக்கல. டவர் இல்லன்னு சொன்னேன். நீயும் நம்பிட்ட."

"அப்புறம் ஏன்டி ஒண்ணுமே கேக்கல?"

"கேட்டு என்ன பண்றது? நீ பயந்துதான் சொல்லியிருப்பன்னு தெரியும். நீ வார்த்தையைக் காப்பாத்தலன்னு நான் உனக்குத் தங்கச்சி இல்லன்னு ஆயிடுமா?" மூச்சு வாங்கியது. நிறுத்தித் தொடர்ந்தாள். "எனக்கே உன்னை விட முடியலக்கா. ஆண்டவரு விட்டுடுவாரா? நீ பயத்துல ஏதோ சொன்னன்னு என் புள்ளையை எடுத்துக்கிறவரா? அப்படிப்பட்டவரையா எங்களுக்கு ஞாயித்துக்கிழமை சொல்லிக் கொடுத்த?"

மழை ஜன்னல் கண்ணாடியில் அறைந்தது. இத்தனை வருஷமாகத் தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த ஆண்டவர் ஒருவர், தான் பயந்து நடுங்கிக் கணக்கு ஒப்புவித்துக்கொண்டிருந்த ஆண்டவர் வேறொருவர் என்பது அந்தக் கட்டிலருகே நோராவுக்கு உறைத்தது.

"போன தடவை பேர்கூட இல்லாம அனுப்பிட்டோம்" என்றாள் ஜொவிட்டா. இப்போதுதான் அவள் கண்ணோரம் நீர் இறங்கியது. "இவ பொழைப்பான்னு எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. இருந்தாலும் போனாலும் இவ ஆண்டவரோட புள்ளை. அதைச் சொல்லிட்டு வாக்கா. அது பொய்ச்சாட்சி ஆவாது."

"என்ன பேரு?"

"அம்மா பேரு."

நோரா முகத்தைத் துடைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

உள்ளே அன்றைக்கு டியூட்டியில் இருந்தவள் நர்ஸ் தமிழ்நிலா. அடையாற்றங்கரையில் இருந்த குடிசை இடிக்கப்பட்டு, பெரும்பாக்கத்து அடுக்குமாடிக்கு அனுப்பப்பட்ட குடும்பத்துப் பெண். இரண்டு பஸ் மாறி, முழங்கால் தண்ணீரில் நடந்து வேலைக்கு வந்திருந்தாள். நோரா தட்டுத்தடுமாறி விஷயத்தைச் சொன்னாள். தமிழ்நிலா உள்ளே போய் டாக்டரிடம் கேட்டுவிட்டு வந்து, கையை முழங்கைவரை கழுவ வைத்து, பச்சை அங்கியை மாட்டிவிட்டாள்.

"சொம்புல எல்லாம் ஊத்த முடியாது ஆன்ட்டி. பாப்பாக்கு குளுந்துரும். சுத்தம் பண்ண தண்ணி கீது, சிரிஞ்சுல எடுத்துத் தரேன். மூணு சொட்டு போதுமா?"

"ஓடணும்மா. நெத்தியில ஓடணும்."

"ஓடும். இத்துனூண்டு நெத்திதானே." சிரிஞ்சை எடுத்து, ஊசியில்லாமல், உள்ளங்கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டு அந்தத் தண்ணீரைச் சூடேற்றினாள். பெட்டியின் பக்கத்து வட்டக் கதவைத் திறந்தாள். இரண்டு விரலால் கம்பளிக் குல்லாயை மேலே தள்ளினாள்.

நோரா சிரிஞ்சை வாங்கிக்கொண்டு கையை உள்ளே விட்டாள். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. அவளுடைய கட்டைவிரல் அளவுதான் அந்த நெற்றி. கை உதறியது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய அந்த ஒரே வரி தொண்டையில் சிக்கிக்கொண்டது. இயந்திரம் ஏதோ கத்தியது. தமிழ்நிலா நிமிர்ந்து பார்த்து, ஒரு பொத்தானை அழுத்தி, நோராவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் கையப் புடிச்சிக்கிறேன் ஆன்ட்டி. நீங்க சொல்லிக்கினே வுடுங்க."

"சோஃபியா" என்றாள் நோரா. அம்மாவின் பெயரை வாய்விட்டுச் சொல்லி எத்தனை வருஷமாகிவிட்டது. "தந்தை..." ஒரு சொட்டு விழுந்து, நெற்றியில் உருண்டு, காதோரம் இறங்கியது. "மகன்..." இன்னொன்று. "தூய ஆவியாரின் பெயராலே நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்."

மூன்றாவது சொட்டில் குழந்தையின் புருவம் சுருங்கியது. வேறொன்றும் நடக்கவில்லை. திரையில் எண்கள் முன்போலவே ஏறி இறங்கின. தமிழ்நிலா பஞ்சால் ஒற்றி எடுத்து, குல்லாயை இழுத்துவிட்டு, வட்டக் கதவை மூடினாள். அப்புறம் தன் பையிலிருந்து பேனாவை எடுத்து, "சோவா, ஸோவா ஆன்ட்டி?" என்று கேட்டுக்கொண்டு, பழைய டேப்பின் கீழே புதிதாக ஒரு துண்டு ஒட்டிப் பெயரை எழுதினாள்.

வெளியே வந்ததும் போன் அடித்தது. தங்கம். குழுவில் எல்லாரும் கேட்கிறார்கள், டீச்சரின் சாட்சியைத்தான் பிடித்துக்கொண்டு ஜெபிக்கிறோம், என்ன சொல்லட்டும் என்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஃபிரெட்ரிக் பெட்டியருகே குனிந்து நிற்பது தெரிந்தது. ஞானதாஸ் பிளாஸ்கோடு வந்துகொண்டிருந்தார்.

"குழந்தை பேரு சோஃபியா. பேரைச் சொல்லி ஜெபம் பண்ணுங்க தங்கம்" என்றாள் நோரா. "அன்னிக்கு நான் சொன்னதைப் பிடிச்சுக்காதீங்க. அது நான் பயத்துல சொன்னது. பொழைப்பாளான்னு எனக்குத் தெரியல. எனக்கு ரொம்பப் பயமா இருக்கு."

அந்தப் பக்கம் தங்கத்தின் குரல் உடைந்தது. "எனக்கும்தான் டீச்சர்" என்றாள். "என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில கிடந்தப்பவும் இப்படித்தான். யார்கிட்டயும் சொல்லல."

அன்று இரவு எப்படிப் போனது என்று நோராவைக் கேட்டால் சொல்லத் தெரியாது. பயம் போகவில்லை. ஆனால் தன் பயமே குழந்தையைக் கொன்றுவிடும் என்ற பயம் போய்விட்டது. ஜெபமாலை மடியில் கிடந்தது. 'சொன்னீங்க, சொன்னீங்க' என்று மட்டும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. ஆண்டவர் எதைச் சொன்னார் என்று அவளுக்கு இப்போது தெரியும். பிழைக்க வைப்பேன் என்றல்ல, விடமாட்டேன் என்று. அதை நினைத்தபோதும் கண்ணீர் வந்தது. பிழைக்கவும் வேண்டுமே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஞானதாஸ் அவள் தோளில் சாய்ந்து, வாயைப் பிளந்து தூங்கினார்.

மழை விட்ட காலையில் கதவு திறந்தது. நீல நாற்காலிகளில் இருந்த எல்லாரும் நிமிர்ந்தார்கள்.

"சோஃபியா பெரியம்மா யாரு?"

அங்கே யாரும் அப்படி ஒரு பெயரைக் கேட்டதில்லை. நோராவுக்கே தன்னைத்தான் என்று புரிய ஒரு கணமாயிற்று. எழுந்தாள். பெரியம்மா. இனி எது வந்தாலும் இந்தப் பெயரை யாரும் தன்னிடமிருந்து எடுக்க முடியாது என்று நினைத்தாள். அப்படி நினைத்ததிலேயே குலை நடுங்கியது.

தமிழ்நிலா டியூட்டி முடிந்தும் வீட்டுக்குப் போகவில்லை. கண் சிவந்து, தலை கலைந்து நின்றாள்.

"இன்னா ஆன்ட்டி, இப்டி வெளுத்துட்டீங்க. நைட்டு தாண்டிட்டா. மிஷின் காத்து கொஞ்சம் கொறைச்சுக்கீறாங்க. டாக்டர் இன்னும் ஒண்ணும் சொல்ல மாட்றார், நானும் சொல்ல மாட்டேன்." ஒரு குட்டி மருந்துக் கிண்ணத்தை நீட்டினாள். "தாய்ப்பால் கேக்குறாங்க. ஒரு மில்லி இருந்தா போதும். குழாய்ல வுட்டுப் பாப்பாங்க."

நோரா கிண்ணத்தை வாங்கிக்கொண்டு மாடிக்கு ஓடினாள். ஜொவிட்டா அக்கா முகத்தைப் பார்த்தாள், கிண்ணத்தைப் பார்த்தாள், அங்கியை விலக்கினாள். வெகுநேரம் பிழிந்ததில் கிண்ணத்தின் அடியில் மஞ்சளாக, தேன்போலக் கொஞ்சம் தேங்கியது.

"கொட்டிடாதக்கா."

"கை நடுங்குதே ஜொவி."

"நடுங்கட்டும். கொண்டுபோ."

நோரா அதை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு, அந்த நீளமான தாழ்வாரத்தில், எதிரே வருகிறவர்களை எல்லாம் கண்ணாலேயே ஒதுக்கிக்கொண்டு, நடுங்கியபடியே நடந்தாள்.